டயலில் ஒரு பெயர், மெஷினில் ஒரு பெயர்: மும்பையின் பழைய சுவர்க் கடிகாரங்களை ஓடவைத்தவர்கள்

மாதுங்கா, செம்பூர், சயான் பக்கம் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளில், கூடத்துச் சுவரில் பெண்டுலம் ஆடும் கடிகாரம் ஒன்றை இன்னமும் பார்க்கலாம். தாத்தா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தபோது வாங்கியது, அசல் ஜெர்மன் சரக்கு என்று சொல்வார்கள். டயலில் பழைய பம்பாய்க் கடை ஒன்றின் பெயர் இருக்கும். கதவைத் திறந்து மெஷினின் பித்தளைத் தகட்டைப் பார்த்தால் அமெரிக்க முத்திரை இருக்கும். மரப்பெட்டியோ நம் தேக்கு.

இதில் மோசடி எதுவும் இல்லை. அந்தக் காலத்து வியாபாரமே அப்படித்தான் நடந்தது. ஆனால் இந்தக் கடிகாரத்தை யார் செய்தார்கள் என்று கேட்டால் ஒரே பெயரில் பதில் சொல்ல முடியாது. தொழிற்சாலை ஒன்று மெஷினைச் செய்தது. கடை ஒன்று தன் பெயரைப் போட்டு விற்றது. அதற்குப் பிறகு எண்பது, நூறு வருடம் அதை ஓடவைத்தவர்கள் இந்த ஊரின் கடிகாரக்காரர்கள். பழம்பொருள் வாங்குகிறவர்கள் முதல் பெயருக்குப் பணம் கொடுக்கிறார்கள். மூன்றாவது ஆட்களின் உழைப்பு அதைவிடப் பெரியது என்பது என் எண்ணம். அதற்கான காரணங்கள் கடிகாரத்துக்குள்ளேயே இருக்கின்றன.

கப்பலிலிருந்து பெட்டி இறங்கிய நாளிலேயே உள்ளூர்க் கடிகாரக்காரரின் வேலை தொடங்கிவிட்டது. பெண்டுலத்தின் வேகம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று அதன் நீளம், இன்னொன்று அந்த ஊரின் புவியீர்ப்பு. பூமி நடுவில் கொஞ்சம் புடைத்திருப்பதாலும் சுழல்வதாலும், பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க ஈர்ப்பு குறையும். 1672-இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயென் தீவுக்குத் தன் கடிகாரத்தைக் கொண்டுபோனார். அங்கே அது நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. பெண்டுலத்தைச் சுருக்கித்தான் சரிசெய்ய முடிந்தது.

லண்டனில் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 9.812 (மீட்டர்/நொடி²). மும்பையில் சுமார் 9.786. பார்க்க அற்ப வித்தியாசம். கணக்குப் போட்டால், லண்டனில் நொடி பிசகாமல் ஓடிய பெண்டுலக் கடிகாரம் மும்பைச் சுவரில் மாட்டியதும் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 2 நிமிடம் தாமதிக்கும். நியூயார்க்கில் சரிசெய்யப்பட்டதானால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் தாமதிக்கும். வாரத்துக்கு ஒருமுறை சாவி கொடுக்கும் கடிகாரத்தில் இது பத்துப் பதினைந்து நிமிடப் பிழை. ரயிலைத் தவறவிட அது போதும். சரிசெய்வது எளிது. பெண்டுலத்தின் குண்டுக்குக் கீழே இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி, குண்டைக் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டும். 25 சென்டிமீட்டர் பெண்டுலத்தில் ஏற்ற வேண்டிய தூரம் அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே அதிகம். அந்தத் திருகில் யாரோ ஒருவர் கைவைத்து, நாலைந்து நாள் பார்த்துப் பார்த்து நிதானப்படுத்தியிருந்தால்தான் எந்தக் கடிகாரமும் இந்த ஊருக்கான கடிகாரம் ஆனது.

சரி, எந்த நேரத்துக்குச் சரிசெய்வது? மும்பையில் இந்தக் கேள்விக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு, அதில் நம் மெட்ராஸுக்கும் பங்குண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் மெட்ராஸ் நேரப்படி ஓடின. மெட்ராஸ் வானாய்வகம் கணித்த நேரம் அது. பம்பாய்க்கு அதன் சொந்தச் சூரிய நேரம் இருந்தது. மெட்ராஸ் நேரத்தைவிட அது சுமார் அரை மணி பின்னால். 1881-இல் கவர்னர் ஜேம்ஸ் ஃபெர்குசன் அரசு அலுவலகங்கள் மெட்ராஸ் நேரத்தைப் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவிட்டார். ஊர் ஒப்புக்கொள்ளவில்லை.

சண்டை வந்து நின்ற இடம் ராஜாபாய் கோபுரம். பிரேம்சந்த் ராய்சந்த் என்ற வணிகர் தன் தாயார் பெயரில் கொடுத்த பணத்தில் எழுந்து, 1878-இல் முடிந்த பல்கலைக்கழகக் கோபுரம் அது. அதிலுள்ள கடிகாரத்தைச் செய்தது லண்டனின் லண்ட் அண்ட் பிளாக்லி நிறுவனம். பம்பாயிலும் அவர்களுக்குக் கடை இருந்தது. கோபுரக் கடிகாரம் பம்பாய் நேரத்தைத்தான் காட்டும் என்று பல்கலைக்கழகம் முடிவெடுத்தது. அப்படியானால் இரவில் டயலுக்கு விளக்குப் போடப் பணம் தர மாட்டோம் என்றது அரசு. 1883-இல் அரசுதான் இறங்கிவந்தது. 1906 ஜனவரி 1 அன்று இந்தியத் தர நேரம் வந்தது. அதன் பிறகும் மாநகராட்சி 39 நிமிடம் பிந்திய பம்பாய் நேரத்தைப் பல பத்தாண்டுகள் விடவில்லை.

இதை நினைத்துக்கொண்டு பழைய சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் அதன் மேல் தனி மரியாதை வரும். தாதரில் இருந்த ஒரு தமிழ்க் குமாஸ்தா வீட்டுக் கடிகாரத்தை ரயில்வேக்கு வைப்பதா, கார்ப்பரேஷனுக்கு வைப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்த ஊர் இது.

இனி அந்த மெஷின்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்கலாம். மும்பையில் அதிகம் கண்ணில் படுகிற பெயர்கள் அன்சோனியா, சேத் தாமஸ், யுங்ஹான்ஸ், குஸ்டாவ் பெக்கர், சேகோஷா. முதல் இரண்டும் அமெரிக்கா. அடுத்த இரண்டும் ஜெர்மனி. பெக்கர் தொழிற்சாலை இருந்த சைலீசிய ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. கடைசிப் பெயர் ஜப்பான். ஹட்டோரி கிண்டாரோ 1892-இல் தொடங்கிய சேகோஷா தொழிற்சாலை முதலில் செய்ததே சுவர்க் கடிகாரங்கள்தான், அதுவும் அமெரிக்கக் கடிகாரங்களை மாதிரியாக வைத்து. அதனால்தான் பழைய சேகோஷாவையும் அன்சோனியாவையும் தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முதல் உலகப் போரில் ஜெர்மன் சரக்கு நின்றுபோக, ஜப்பான் ஆசியச் சந்தையில் இடம் பிடித்தது.

அமெரிக்க மெஷின்கள் தகட்டை அச்சில் வெட்டி எடுத்து, மலிவாக, லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. திறந்த தகடு, உள்ளே சுருள் சுருளாகத் தெரியும் ஸ்பிரிங். ஜெர்மன் மெஷின் கனமானது. பல மாடல்களில் ஸ்பிரிங் ஒரு பித்தளை டப்பிக்குள் அடங்கியிருக்கும். இந்த வித்தியாசம் ரிப்பேர்க்காரருக்கு முக்கியம். முழுதாகச் சாவி கொடுத்த திறந்த ஸ்பிரிங் அறுந்தால் பக்கத்துச் சக்கரத்தின் பல்லையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பழக்கமில்லாத கையென்றால் விரலையும் பதம் பார்க்கும்.

வயதைக் கண்டுபிடிக்கக் கடைக்காரர் சொல்லும் கதை தேவையில்லை. சேத் தாமஸ் பல வருடங்கள் தன் பெட்டிகளின் பின்னாலோ அடியிலோ ஆண்டைத் தலைகீழாக அச்சிட்டது: 0981 என்று இருந்தால் 1890. பக்கத்தில் இருக்கும் எழுத்து மாதம். யுங்ஹான்ஸ் மெஷினில் நட்சத்திரத்துக்கு அருகே ஏ அல்லது பி என்ற எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஆண்டின் முதல் பாதி, பி என்றால் இரண்டாம் பாதி. பி 12 என்றால் 1912-இன் பின்பாதி. அன்சோனியாவுக்கு வேறொரு முடிவு உண்டு. 1929-இல் அந்தக் கம்பெனியின் இயந்திரங்கள் சோவியத் ரஷ்யாவுக்கு விற்கப்பட்டு, அங்கே கடிகாரத் தொழில் தொடங்க உதவின. புரூக்ளின் தொழிற்சாலை அதோடு சரி. யாராவது 1940-களின் அசல் அன்சோனியா என்று விற்க வந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகரலாம்.

டயலில் இருக்கும் பெயர் பெரும்பாலும் இறக்குமதி செய்தவருடையது. பம்பாய் அப்போதே கடிகார வியாபாரத்தின் பெரிய துறைமுகம். சுவிட்சர்லாந்தின் ஃபாவ்ர்-லூபா 1865-இல் இங்கே கால் பதித்தது. வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி 1886 முதல் இந்த ஊரில் புழங்கிய பெயர். இவர்கள் பையிலும் கையிலும் வைக்கும் கடிகாரங்களுக்குப் பேர்போனவர்கள். சுவர்க் கடிகாரங்களைப் பொறுத்தவரை டயலில் பெயர் போட்டுக்கொண்ட சிறிய கடைகள் எத்தனையோ. பல மெஷின்களுக்கு இங்கேயே பெட்டி செய்யப்பட்டது. வால்நட் மரத் தோல் ஒட்டிய ஐரோப்பியப் பெட்டிகளில் பயன்பட்டது மிருகப் பசை. மும்பை மழைக்கால ஈரத்தில் அந்தப் பசை இளகி, மரத்தோல் உரிந்துவரும். தேக்கு அப்படிக் கைவிடாது. எனவே தேக்குப் பெட்டியைப் பார்த்ததும் அசல் இல்லை என்று ஒதுக்குவது சரியல்ல. இந்த ஊர்த் தச்சர்கள் இந்த ஊர் மழைக்குத் தந்த பதில் அது.

மழைக்காலம் என்றதும் ரிப்பேர்க்காரரின் மேசைக்கு வந்துவிட்டோம்.

மும்பையில் அவருக்குக் கடை என்று பெரிதாக எதுவும் இருக்காது. பழைய கட்டடத்தின் படிக்கட்டுக்குக் கீழே ஓர் இடுக்கு, கண்ணாடி வைத்த ஒரு சிறு மேசை, மேலே ஒரு விளக்கு. கண்ணில் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி. தொழிலை அவர் பள்ளியில் படிக்கவில்லை. அப்பாவிடமோ மாமாவிடமோ சிறுவனாக இருக்கும்போதே உட்கார்ந்து, முதல் வருடமெல்லாம் சக்கரங்களைப் பெட்ரோலில் கழுவியே கற்றுக்கொண்டார். தமிழ் பேசுகிற வாடிக்கையாளர் அவரிடம் பம்பாய் இந்தியில் பேசுவார். "சாச்சா, மணி தப்பா அடிக்குது" என்பதை எப்படியோ புரியவைத்துவிடுவார். அவரும் மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் காதை வைத்துக் கேட்பார்.

அந்தக் கேட்பதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. டிக், டக் இரண்டுக்கும் நடுவே இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் நீண்டு ஒரு பக்கம் குறுகினால் கடிகாரம் நொண்டுகிறது என்று பொருள். இன்னும் சில நிமிடத்தில் நின்றுவிடும். நின்றுபோன பழைய கடிகாரங்களில் கணிசமானவற்றுக்கு நோயே இதுதான். வெள்ளையடிக்கக் கழற்றி மாட்டும்போது லேசாகச் சாய்ந்திருக்கும். பெட்டியைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி நகர்த்தி, ஒலி சமமாகும் இடத்தில் விட்டால் போதும். ரசமட்டம் வைத்துப் பார்த்து நேராக இருக்கிறதே என்று வாதாட வேண்டாம், காது சொல்வதுதான் கணக்கு.

மணி தப்பாக அடிப்பதும் பெரும்பாலும் பழுது அல்ல. ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் கடிகாரத்தில் இரண்டு சாவித் துளைகள் இருக்கும். ஒன்று நேரத்துக்கு, இன்னொன்று மணியோசைக்கு. பழைய, மலிவான அமெரிக்க மெஷின்களில் மணியோசையை நடத்துவது விளிம்பில் பள்ளங்கள் வெட்டிய ஒரு சக்கரம். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக அடித்துக்கொண்டே போகும், முள் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. மணியோசைப் பக்கம் சாவி தீர்ந்து நின்றுபோனால், மறுபடி சாவி கொடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மூன்று மணிக்கு ஏழு அடிக்கும். ஒவ்வொரு மணிக்கும் நிறுத்தி, அடித்து முடிக்கவிட்டு, அடுத்ததற்கு நகர்த்தி வழிக்குக் கொண்டுவரலாம். பிந்திய மெஷின்களில் முள்ளோடு சேர்ந்து சுழலும் நத்தை வடிவத் தகடு எத்தனை அடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும். அவை தடம் மாறுவதில்லை.

உண்மையான பழுது வேறு இடத்தில். சக்கரத்தின் அச்சு முனை பித்தளைத் தகட்டில் ஒரு துளைக்குள் சுழல்கிறது. எண்ணெய் காய்ந்து, தூசி சேர்ந்து, அரைக்கும் பசையாக மாறி, வருடக்கணக்கில் அந்தத் துளையை முட்டை வடிவமாக்கிவிடும். சக்கரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, பற்கள் சரியாகக் கவ்வாமல் போகும். இதற்கு இரண்டு வழிகள். துளையைச் சுற்றி உளியால் நாலு குத்துக் குத்திப் பித்தளையை உள்ளே தள்ளுவது ஒன்று. சீக்கிரம் முடியும், சில வருடம் ஓடும், தகட்டில் அழியாத தழும்பு நிற்கும். இரண்டாவது, துளையைச் சுத்தமாகப் பெரிதாக்கி, புஷ் என்ற புதிய பித்தளை வளையத்தைச் செருகி, அதில் அச்சுக்கு ஏற்ற அளவில் துளை போட்டு, அச்சு முனையையும் மெருகேற்றுவது. பழைய மெஷினின் பின்பக்கத்தைப் பார்த்தாலே அது யார் யார் கையில் போய்வந்தது என்று தெரிந்துவிடும். அவசரக் கையும் பொறுமையான கையும் ஒரே தகட்டில் அருகருகே இருக்கும்.

உதிரிபாகம் கிடைக்காது. அதனால் செய்துகொள்ள வேண்டும். உடைந்த பல்லுக்குச் சக்கரத்தில் சதுரமாக வெட்டி, ஒரு பித்தளைத் துண்டைப் பொருத்தி, ஈயம் பூசி, அரத்தால் பல் வடிவம் கொண்டுவருவார்கள். நுனியில் அறுந்த மெயின் ஸ்பிரிங்கைச் சூடாக்கி இளக்கி, புதிய துளை போட்டு மாட்டுவார்கள். ஸ்பிரிங் கொஞ்சம் குட்டையாகிவிடும், அதனால் எட்டு நாள் கடிகாரம் ஏழு நாள்தான் ஓடும். வீட்டுக்காரருக்குக் காரணம் தெரியாது. அப்பா காலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாவி கொடுப்பது வழக்கம் என்று மட்டும் தெரியும்.

சில கடிகாரக்காரர்கள் வேலை முடிந்ததும் தகட்டின் உட்புறத்திலோ பெட்டியின் பின்பலகையிலோ தேதியும் தங்கள் பெயரின் முதலெழுத்தும் கீறிவைப்பார்கள். உருது, குஜராத்தி, ஆங்கிலம் என்று மூன்று எழுத்திலும் குறிப்புகள் உள்ள கடிகாரம் கிடைத்தால் அது எனக்கு எந்தக் கம்பெனி முத்திரையைவிடவும் பெரிது. விற்பவர்கள் பாலிஷ் போடும்போது முதலில் அழிப்பது இதைத்தான். வயிறு எரிகிறது.

இந்தத் தொழில் சுவர்க் கடிகாரத்தை நம்பிப் பிழைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கைக்கடிகாரம்தான் சோறு போட்டது. 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. உற்பத்தி தொடங்கிய பிறகு சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டியது. அவை எல்லாமே அவ்வப்போது சுத்தம் செய்து எண்ணெய் போடவேண்டியவை. அந்த நிலையான வருமானத்தில்தான் சுவர்க் கடிகாரத்துக்கு நாலு நாள் செலவழிக்கும் பொறுமை சாத்தியமானது. 1969-இல் ஜப்பானில் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் வந்தது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிரும் ஒரு படிகத் துண்டு பெண்டுலத்தின் வேலையைச் செய்துவிட்டது. அப்புறம் குஜராத்தின் மோர்பியிலிருந்து மலிவான குவார்ட்ஸ் சுவர்க் கடிகாரங்கள் வந்து குவிந்தன. ரிப்பேர்க்காரருக்கு மிஞ்சியது பேட்டரி மாற்றும் வேலையும் ஸ்ட்ராப் மாற்றும் வேலையும். பையன்கள் அந்த மேசையில் உட்கார வராததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இப்போது பழைய கடிகாரம் வேண்டுமென்பவர்கள் போகும் இடம் சோர் பஜாரின் மட்டன் தெரு. வெள்ளிக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அங்கே இருப்பதில் ஒருபகுதி, வெவ்வேறு கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியவை. உள்ளே பழைய மெஷின், வெளியே புதுப்பெட்டி, மேலே நேற்று அச்சடித்து டீத்தண்ணீரில் நனைத்த டயல். கண்டுபிடிக்கலாம். பெட்டியின் பின்பலகையில் பொருத்தமில்லாத பழைய திருகாணித் துளைகள் இருந்தால் மெஷின் மாறியிருக்கிறது. பிளஸ் தலை திருகாணி 1930-களில் வந்தது. 1900-ஆம் வருடத்துக் கடிகாரம் என்று சொல்லப்படுவதில் அது முக்கிய இடத்தில் இருந்தால் யோசிக்க வேண்டும். சாவித் துளைகள் டயலின் ஓட்டைகளுக்கு நேராக வருகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். கலவைக் கடிகாரத்தை வாங்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாக ஓடினால், கலவையின் விலைக்குக் கொடுத்தால், தாராளமாக வாங்கலாம்.

என் கவலை வாங்குகிறவர்களைப் பற்றி அல்ல, கொடுக்கிறவர்களைப் பற்றி. மாதுங்காவிலும் சயானிலும் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக மறுகட்டுமானத்துக்குப் போகின்றன. வாடகை வீட்டுக்கு மாறும்போது பெரிய கடிகாரம் சுமையாகத் தெரிகிறது, பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போகிறது. அதே இடிப்பில் படிக்கட்டுக்குக் கீழே இருந்த ரிப்பேர்க்காரரின் இடுக்கும் போய்விடுகிறது. புதிய கோபுரக் கட்டடத்தில் அவருக்கு இடம் ஒதுக்கப்படுவதில்லை.

வீடு மாறுகிறவர்கள் செய்யக்கூடியது இதுதான். தூக்குவதற்கு முன் பெண்டுலத்தைக் கழற்றித் தனியாகக் கட்டுங்கள். ஆடவிட்டுக் கொண்டுபோனால் அதைத் தாங்கும் மெல்லிய தகடு மடங்கிவிடும். முள்ளைப் பின்பக்கம் திருப்பாதீர்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், அது காய்ந்து பிசினாகும். கடிகார எண்ணெய்கூட அச்சு முனைகளில் ஒரு சொட்டுதான், சக்கரப் பற்களுக்கு வேண்டவே வேண்டாம். ரிப்பேருக்குக் கொடுக்கும்போது புஷ் போடச் சொல்லிக் கேளுங்கள், அதற்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள், வேலை முடிந்ததும் தேதியும் பெயரும் எழுதித் தரச் சொல்லுங்கள். அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், முதலில் மெஷினில் உள்ள குறியீட்டைப் பார்த்து வயதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டம் நூறு வருடத்தைக் கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை விதிக்கிறது. உங்கள் கடிகாரம் அந்தக் கணக்கில் வராது என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிய பிறகே பெட்டி கட்ட வேண்டும்.